வாசலுக்குப் பிடித்த முகம்

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசற்கதவு முகத்தைப் பார்த்துத்தான் திறக்கும். அங்கே சொந்த வீடு வாங்கிய தமயந்தியை அது வேலையாட்கள் வழிக்கே விரட்டிக்கொண்டிருந்தது. சலித்துப்போய் அவள் நிறத்தையும் மூக்கையும் மாற்றிக்கொண்டாள். கதவு பல்லிளித்துத் திறந்தது.

"இப்பதாங்க நீங்க நம்ம ஆளு!" என்று பூரித்த குடியிருப்போர் சங்கத் தலைவர் அவளுக்கு விருந்து வைத்தார்.

விருந்தன்று ஊரிலிருந்து அம்மா வந்தாள். கதவு அசையவில்லை.

"யாருங்க இது? உங்க சாயலே இல்லையே?" என்றார் தலைவர்.

சுற்றிலும் ஒரே அச்சில் வார்த்த மூக்குகள் தமயந்தியையே பார்த்தன.

"பரிமாற வரச்சொன்னேன்" என்றாள்.

அம்மா பின்வழியாக வந்து, எல்லோருக்கும் பரிமாறினாள். மகளின் முன்னால் வந்ததும் கரண்டியோடு நின்றாள்.

"உங்களுக்கு என்ன போடட்டும் மேடம்?"