மொட்டை

கல்லூரியில் ஒரு வருடம் கஞ்சா பிடித்ததாக, அணுமின் நிலைய வேலைக்கான பாதுகாப்பு விசாரணையில் நானே சொல்லியிருந்தேன். இப்போதும் பிடிக்கிறேனா என்று அறிய முடியைச் சோதிக்க வேண்டுமாம். போய் நின்றதும் விசாரணை அதிகாரி சிரித்தார்.

"டெஸ்ட்டுன்னதும் வழிச்சுட்டு வந்துட்டீங்க. மீசையக்கூட விட்டு வெக்கல."

"மனைவிக்குக் கொள்ளி வெச்சேன் சார்."

"டெஸ்ட் வந்தா போதும், எல்லார் வீட்லயும் யாராவது செத்துடறாங்க. சரி, கஞ்சாவ விட்டதுக்கு யாரு சாட்சி?"

"அவதான்."

"நல்ல சாட்சியாப் புடிச்சீங்க." பேனாவை மூடினார். "முடி வளந்ததும் வாங்க. அப்பவும் மொட்டையா வந்தா, இன்னும் பிடிக்கிறதாவே எழுதிடுவேன். வேலைய மறந்துடலாம்."

அவள் பெயரை அவர் கேட்கவில்லை.

இன்று காலை தலையைத் தடவினேன். கத்தரிக்கு அகப்படும் அளவு வளர்ந்திருந்தது. அந்த மேஜைக்கு முன்னால் இதைக் குனிந்து காட்டினால் வேலை கிடைத்துவிடும். சலூனுக்குப் போய் வழிக்கச் சொன்னேன்.

"போன மாசம் நான்தானே தம்பி வழிச்சேன்?" கத்தியில் பிளேடு மாற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "மறுபடியுமா? இப்ப யாருப்பா?"

"அதே ஆள்தான்" என்றேன்.