கட்டாயம் பாருங்க

"நம்ம ஜனம் இருக்கே, வடை குடுத்தா வரும். நாடகம்னா வராது!"

ஜோகூரில் மாசாய் ஊர் மண்டப வாசலில் நின்று பொருமிக்கொண்டிருந்தார் சுகுமாறன். உள்ளே இருநூறு நாற்காலி. முன் இரண்டு வரிசைகூட நிறையவில்லை. அதிலும் பாதி, நடிக்கிற பிள்ளைகளைப் பெற்றவர்கள்.

மண்டபம் கூட்டும் அங்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"தம்பி, பின்னால இருக்கிற நாற்காலியை அடுக்கிடவா?"

"இருங்கக்கா, இன்னும் வருவாங்க."

"எங்கேர்ந்து? சிங்கப்பூர்லேர்ந்தா?"

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

நாடகத்தை எழுதியவள் லோஷினி. பெக்கான் நானாஸில், அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை. இது அவளுடைய மூன்றாவது நாடகம். போன வாரம் ஒத்திகையின்போதே சொல்லிவிட்டாள்.

"இதுக்கும் ஆள் வரலன்னா, எனக்கு எழுத வரலன்னு அர்த்தம் அங்கிள். இதோட விட்டுடுறேன்."

"மண்டபம் நிறையும்மா. நான் சொல்றேன்ல லா!"

சும்மா சொல்லவில்லை. ஜோகூரில் எந்த மூலையில் புது நாடகம் போட்டாலும் முதல் ஆளாய்ப் போய்ப் பார்த்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் எழுதுகிறவர் சுகுமாறன். குழுவில் முன்னூறு பேர். யாரையும் அவர் குறை சொன்னதே கிடையாது. நடிகன் வசனத்தை மறந்து நின்றால், 'மௌனமே பேசியது' என்று எழுதுவார். திரை பாதியில் சிக்கிக்கொண்டால், 'புதுமையான உத்தி' என்பார்.

லோஷினியின் ஒத்திகையைப் பார்த்த அன்றைக்கு மோட்டார் சைக்கிளை ஓரங்கட்டி, நின்ற இடத்திலேயே எழுதினார்.

'"இன்னும் சூடாத்தான் இருக்கு" – லோஷினியின் புது நாடகம். கட்டாயம் பாருங்க. தவறவிட்டா வருத்தப்படுவீங்க.'

கட்டைவிரல் படங்கள் வந்து குவிந்தன. ஆள்தான் வரவில்லை.

விளக்கு அணைந்தது. நாடகம் தொடங்கியது.

மேடையில் ஒரு மேசை. அதன்மேல் ஒரு ரைஸ் குக்கர். அவ்வளவுதான். அம்மா விடியுமுன்னே சிங்கப்பூர் வேலைக்குப் போய்விட்டாள். கடைசி வரை மேடைக்கே வரமாட்டாள். அவள் ஆக்கி வைத்துவிட்டுப் போன சோற்றைச் சுற்றிப் பிள்ளைகள் இரண்டும் அடித்துக்கொள்ளும், சிரிக்கும், பெரிசாகும், கல்யாணம் பேசும். குக்கரின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். முடிவில் மகள் அதன் மூடிமேல் கையை வைத்துப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்கக் கண் நிறைந்தது.

கைதட்டல் வந்த வேகத்திலேயே அடங்கியது. வெளியே வந்ததும் தங்கராஜுவை ஃபோனில் கூப்பிட்டார். ஆயர் ஈத்தாமில் பூஞ்சாடிக் கடை வைத்திருப்பவன். ஒரு காலத்தில் இவர் சொன்ன நாடகத்துக்கெல்லாம் வேன் நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வந்தவன்.

"ஏன்டா வரல?"

"இங்க மழைண்ணே."

"பொய் சொல்லாதடா! எப்பேர்ப்பட்ட நாடகம் தெரியுமா? கோட்டை விட்டுட்டியேடா!"



"கோவிச்சுக்காதீங்கண்ணே. போன வருஷம் அந்தப் பேய் நாடகத்துக்கு என்ன எழுதுனீங்க?"

சுகுமாறன் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினார்.

"கட்டாயம் பாருங்கன்னு எழுதுனீங்க. நம்பி, மாமியார் வீட்டையே அள்ளிப் போட்டுக்கிட்டு வந்தேன். பேய்க்கு மைக் வேலை செய்யல. பேயே கீழ இறங்கி வந்து ஒயரைத் தேடுச்சு. அலமாக், என் மாமியார் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுது!"

"அது வேறடா. வேலை முடிஞ்சு வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு எழுதுற பிள்ளைங்க. குறை சொன்னா மனசு ஒடிஞ்சிடுமேன்னு எழுதுனது. இது நெசமாவே நல்ல நாடகம்டா!"

"இருக்கும்ணே. ஆனா எல்லாத்துக்கும் அதையேதானே சொல்றீங்க."

ஃபோனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கூடவே வந்தது.

லோஷினி குக்கரைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அங்கிள். நீங்களாவது வந்தீங்களே." சிரிக்கப் பார்த்தாள். "இதை வீட்டுக்கே கொண்டு போறேன். இனிமே சோறாக்கத்தான்."

"அப்படிச் சொல்லாதம்மா. இத்தனை வருஷத்துல நான் பார்த்ததுலயே இதுதான் உசத்தி. விட்டுடாத. எழுதும்மா!"

அவளோ, கோயிலில் விபூதி வாங்கிக்கொள்வது போலத் தலையை ஆட்டினாள்.

"தேங்க்ஸ் அங்கிள். முந்தின ரெண்டுக்கும் இதேதான் சொன்னீங்க."

"அது ரெண்டும் நல்லாவே இல்லம்மா!"

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த லோஷினியின் கை நின்றது. அவள் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க சொல்றதை நம்பியிருப்பேனே அங்கிள்."