உப்புப் பூத்த தட்டு

ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுகிற ராக்காயி, அந்தப் பிளாஸ்டிக் தட்டையும் கழுவிவிட்டாள். தொட்டியோரம் குழி குழியான இரண்டு தட்டு இருந்தது. குழியெல்லாம் தெளிந்த தண்ணீராய் இருந்ததைப் பத்திரமாக எடுத்து வைத்தாள். உப்புப் பூத்துக் கிடந்ததைக் குழாயடியில் காட்டித் தேய்த்தாள். பதினைந்து வருஷம் கல்குவாரிப் புழுதியில் கிடந்தவள். பாத்திரத்தில் பொடி ஒட்டியிருந்தால் அவளுக்குப் பொறுக்காது.

நாலு வருஷமாக அங்கே ஆராய்ச்சி செய்கிற நஸ்ரீன், பேராசிரியரிடம் நல்ல சேதியைச் சொல்லிவிட்டு ஓடிவந்தாள்.

"அக்கா, பாக்டீரியாப் புரதம் டி.என்.ஏ.வோட சேர்ந்து பளிங்காயிடுச்சு. ஒரே ஒரு தட்டுல, உப்புக்கல் மாதிரி. எக்ஸ்ரேல வச்சா அந்தப் புரதம் டி.என்.ஏ.வை எப்படிப் பிடிக்குதுன்னு தெரிஞ்சிடும்."

தான் தேய்த்தது அந்த உப்பைத்தான் என்று ராக்காயிக்குப் புரிந்தது. போன மாசம் ஒரு குடுவையை உடைத்தவளை அன்றைக்கே வெளியே அனுப்பினார்கள். ஈரத் தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"எப்படிப் பிடிக்கும் பாப்பா?" என்றாள், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"இப்படித்தான்னு நினைக்கிறோம்." நஸ்ரீன் சிரித்துக்கொண்டே அவளுடைய மறுகையை எடுத்து, தன் இரண்டு கைகளாலும் சுற்றிப் பிடித்தாள். "டி.என்.ஏ. ஒரு நூல். இந்த ரெண்டு கையும் அதைக் கட்டிப் பிடிச்சு வளைச்சிடும். என்னக்கா, அந்தக் கையில என்ன?"

ராக்காயியின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் தரையில் சொட்டியது. நஸ்ரீன் குனிந்து, பின்னால் இருந்த ஈரத் தட்டைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. பிடியை மட்டும் விடவில்லை.