புலி வேலை

சோலைக் கூட்டுறவுக் குடியிருப்பில், காட்டைவிட்டு மறைந்துபோன உயிர்களின் வேலையை உறுப்பினர்களே பங்குபோட்டுச் செய்தார்கள். மாதங்கி சாணி உருட்டும் வண்டு. யானைச் சாணத்தை உருட்டி மண்ணில் புதைப்பாள். அவள் கணவன் செல்வேந்திரன் புலி. மரக்கன்றுகளை மேயவரும் மான்களை உறுமி விரட்டுவான்.

வீட்டிலும் அவன் புலியாகவே இருந்தான். கதவைத் திறக்கத் தாமதித்தால்கூட உறுமினான். “பொதுக்குழுவுல சொல்லட்டுமா?” என்று ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“சொல்லேன். பயிற்சி எடுக்கறேன்னு பாராட்டுவாங்கடி.”

இன்று காலை நிஜப் புலி ஒன்று காட்டுக்குத் திரும்பியது. ஊரே கைதட்டியது. செல்வேந்திரன் முகம் தொங்க வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

“உங்களுக்கு இனிமே என்ன வேலையாம்?”

“மண்புழு.”

மாதங்கி வேண்டுமென்றே உப்புப் போடாத ரசத்தை ஊற்றினாள். உறுமல் வருமோ என்று பயப்படவில்லை என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

“ரசம் எப்படிங்க?”

“பிரமாதம்,” என்றான், தலை நிமிராமல்.