கேப்டனைப் போட்டுக் கொடுத்தவன்

“போட்டுக் குடுத்தது யாருடா?”

உடை மாற்றும் அறையின் நடுவில் ரோரி கின்செலா நின்றான். நின்றான் என்பது தப்பு. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்துகொண்டே இருந்தான். மெல்பர்னில் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்து ஆடும் கிளப் ஒன்றின் கேப்டன். வயது முப்பத்து நாலு. இதுவரை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆட்டம்.

முந்நூறாவது நாளைக்கு. சீசனின் கடைசி ஆட்டமும் அதுதான். அடுத்த வருடத்துக்கு ஒப்பந்தம் கிடையாது என்று கிளப் போன மாதமே கைகுலுக்கிவிட்டது. நாளை ஆடினால், ‘300’ என்று ரசிகர்கள் ஒட்டிவைத்த காகிதத் திரையைக் கிழித்துக்கொண்டு ஓடி வரலாம். முடிந்ததும் கூட ஆடினவர்கள் தோளில் தூக்கி வருவார்கள். ஆடாவிட்டால் எதுவும் இல்லை.

நேற்று மாலைப் பயிற்சியில் உயரப் பந்துக்குத் தாவினபோது ஒருவனின் முழங்கால் அவன் நெற்றிப்பொட்டில் இடித்தது. விழுந்தான், எழுந்தான், சிரித்தான், மறுபடி ஓடினான்.

இன்று காலை டாக்டர் எலெனி வாசோஸ் கூப்பிட்டுச் சோதித்தார். மூளையில் அதிர்ச்சி. பன்னிரண்டு நாள் ஆடக் கூடாது. விதி.

“அந்தம்மா பயிற்சிக்கே வரலை. எப்படித் தெரிஞ்சுது?” ரோரி சுவர் வரை போய்த் திரும்பினான். “சீசன் ஆரம்பத்துல வைக்கிற ஞாபகப் பரீட்சையில வேணும்னே தப்புத் தப்பா எழுதி வச்சேன். பின்னால அடிபட்டு எழுதினா வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு. அப்படியும் மாட்டிக்கிட்டேன்.”

“அது வேணும்னே எழுதினதா? நாங்க உன் அறிவே அவ்வளவுதான்னு நெனச்சோம் மச்சான்” என்றான் தடுப்பு ஆட்டக்காரன் ஜார்வி.

யாரும் சிரிக்கவில்லை.

ரோரியின் தலைக்கு மேலே, சுவரில், ஆட்டக்காரர் சங்கத்தின் துண்டுப்பிரசுரம்: ‘தலையில் அடியா? மறைக்காதே.’ ஒட்டினவன் ரோரி. கிளப்பில் சங்கப் பிரதிநிதி அவன்தான். எட்டு வருடமாகப் புதிதாக வருகிற ஒவ்வொருவனையும் நிறுத்தி வைத்து அதைப் படித்துக் காட்டியவன். பிரசுரங்கள் எப்போதும் அடுத்தவன் தலைக்காகவே அச்சாகின்றன.

“நான்தான்.”

சொன்னவன் டேல் ஹாக்கிங். இருபத்தேழு வயது. இந்த வருடம் முழுக்க மாற்று ஆளாகப் பெஞ்சுக்கும் வெளியே உட்கார்ந்தவன். ரோரி ஆடாவிட்டால் நாளை அந்த இடத்தில் இறங்கப் போகிறவன்.

“நீயா?”

“ஆமா.”

“ஒரே ஒரு ஆட்டம்டா. அடுத்த வருஷத்துலேர்ந்து எல்லா ஆட்டமும் உனக்குத்தானே. அது வரைக்கும் பொறுக்கலையா?”

டேல் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

ஜார்வி எழுந்து, டேல் பக்கத்திலிருந்த தன் பையை எடுத்துக்கொண்டு எதிர் பெஞ்சுக்குப் போனான். பிறகு இன்னொருவன். பிறகு இன்னும் இரண்டு பேர்.

“கோச்சுகிட்டப் போறேன்” என்றான் ரோரி. “இவன் நாளைக்கு எறங்கினா ஒருத்தன்கூட இவனுக்குப் பந்து தர மாட்டான்னு சொல்றேன். அடுத்த வருஷம் இவன் இந்தக் கிளப்ல இருக்க மாட்டான்.”

போகிற வழியில் டாக்டரின் அறை. கதவைத் தட்டாமல் நுழைந்தான்.

“டாக்டர், எனக்கு எழுத்துல வேணும். உங்ககிட்ட வந்து சொன்னது ஹாக்கிங்னு.”

“கிளப் தலைவர் இப்பத்தான் வந்துட்டுப் போறார்” என்றார் டாக்டர். “டிக்கெட் பூரா வித்தாச்சாம். ஒரே ஒரு ஆட்டம்தானே, கண்டுக்காதீங்கன்னார். உங்க மேல அவ்வளவு அக்கறை.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கதவு அந்தப் பக்கம்னேன். நீங்க உக்காருங்க.”

“உக்கார முடியலை.”

“நேத்து உக்காந்தீங்களே.”

“நேத்தா? நேத்து நான் இங்க வரவே இல்லையே.”

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“காலையிலயே சொல்லியிருப்பேன். கதவை அறைஞ்சுட்டுப் போயிட்டீங்க. நேத்து ஆறரை மணிக்கு, கார் நிறுத்துற எடத்துல, உங்க வண்டி எதுன்னு தெரியாம நின்னுக்கிட்டிருந்தீங்க. ‘டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போடா’ன்னு ஹாக்கிங்கைக் கேட்டது நீங்க. இதே நாற்காலி. ‘மகள் பேரு ஞாபகம் வரலை டாக்டர், பயமாயிருக்கு. நாளைக்கு நான் சண்டை போட்டாலும் என்னை ஆட விடாதீங்க’ன்னு சொன்னதும் நீங்க. அப்புறம் அவர்தான் உங்க வண்டியை ஓட்டி உங்களை வீட்டுல விட்டுட்டு, ட்ராம் பிடிச்சுப் போனார்.”

ரோரியின் நடை நின்றுவிட்டது.

“அப்ப அவன் ஏன்... பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டான்?”

“நீங்க சத்தியம் வாங்கினீங்களே. ‘கேப்டனே பயந்துட்டான்னு பசங்க பேசக் கூடாதுடா டேல். நான் இங்க வந்தது யாருக்கும் தெரியக் கூடாது. நானே வந்து கேட்டாலும் சொல்லாதே’ன்னு.”