எட்டு வயதின் வாக்குமூலம்

திரையில் விழுந்தது அவளுடைய கையெழுத்து.

பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்திருந்தார்கள். ஊரையும் தேதியையும்கூட. கையெழுத்தை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைகளிடம் எப்படி விசாரிப்பது என்று போலீசாருக்கு இரண்டு நாள் வகுப்பு. அவளைப் போல நாற்பது எஸ்.ஐ.க்களும் இன்ஸ்பெக்டர்களும் வந்திருந்தார்கள்.

பாடம் எடுக்க வந்த ரெஜினா சத்தமாகப் படித்தார்.

“மேற்படி எதிரி என்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டு எனக்கு மிகுந்த மன உளைச்சலை ஏற்படுத்தினார்.”

பிறகு நிமிர்ந்து, “சொன்ன பிள்ளைக்கு வயசு எட்டு” என்றார்.

கூடம் சிரித்தது.

“எந்த ஸ்டேஷன் புலவரோ!” என்று பக்கத்து நாற்காலி இன்ஸ்பெக்டர் மாசிலாமணி குனிந்து சொன்னார்.

அவளும் சிரித்துவைத்தாள். உடனே கூசியது.

ஒன்பது வருஷத்துக்கு முன்பு இதே வாக்குமூலத்துக்காக டி.எஸ்.பி. அவளைப் பாராட்டினார். திருத்த ஒரு வரி இல்லை என்றார். ஸ்டேஷனில் அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். சொல்வது யாராக இருந்தாலும் எழுதுவது ஒரே தமிழ்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அன்பாகத்தான் கேட்டார்.

மன உளைச்சல்னா என்னம்மா?

தெரியாது.

இதெல்லாம் நீ சொன்னதா?

பிள்ளை உண்மையைச் சொன்னாள். நான் சொல்லலை.

அவன் விடுதலையானான். பிள்ளையின் வீட்டுக்கு எதிர் வீட்டுக்கே திரும்பி வந்தான்.

ரெஜினா திரையைச் சுட்டிக் காட்டினார்.

“பிள்ளை பேசினதை அப்படியே எழுதணும். நமக்குப் புரியலைன்னாலும் அப்படியே. சரி, இந்தப் பிள்ளை நிஜமா என்ன சொல்லியிருப்பா? யாராவது சொல்லுங்க பார்ப்போம்.”

ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் ஊகம்.

பேசாமல் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவள் எழுந்தாள்.

“எழுதுனது நான்தான் மேடம்.”

மாசிலாமணி தரையைப் பார்த்தார்.

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அப்போ உங்களுக்குத் தெரியுமே. என்ன சொன்னா?”

எல்லாம் ஞாபகம் இருந்தது. பச்சைப் பாவாடை. முன்பல் விழுந்த இடம். மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தது. அம்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவு சாத்தியதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பிள்ளை பேசத் தொடங்கியது.

பேசியது. அரை மணி நேரம், அவளிடம் மட்டும்.

வாய் அசைவது இப்போதும் கண்ணில் தெரிந்தது. சொல் ஒன்றுகூடக் கேட்கவில்லை.

கூடம் காத்திருந்தது.

“மறந்துட்டேன் மேடம்” என்றாள்.

அவளைத் தவிர அதைக் கேட்டவர்கள் யாருமில்லை.