அபாயச் சங்கிலி

மகன் தவறி விழுந்து இறந்த ரயில் பெட்டியைப் பூமிநாதன் முழங்கை நீளத்தில் மரத்தில் செய்திருந்தார். அபாயச் சங்கிலி மட்டும் பாக்கி. அவ்வளவு பொடியான சங்கிலிக்காக வாட்ச் கடை, கவரிங் கடை எல்லாம் அலைந்து, கடைசியில் ஒரு நகை ஆசாரியிடம் கண்டுபிடித்தார்.

“இழுத்தா அறுந்துரும் சார்.”

“யாரும் இழுக்க மாட்டாங்க.”

வீட்டில் அதை ஒட்டிக்கொண்டிருந்தபோது, இதுவரை அந்த அறைக்குள் வராத மனைவி அமுதவல்லி வந்தாள். குனிந்து சன்னல் வழியாகப் பார்த்தாள்.

“புள்ள விழுந்தப்ப இந்தச் சங்கிலி இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“ஆளுங்க?”

“நிக்க இடமில்லாத கூட்டம்.”

காலி இருக்கைகளையே வெகுநேரம் பார்த்தாள்.

“அவங்களையும் செஞ்சு வைங்க. ஒருத்தர் விடாம.”

“முகம் தெரியாதே அமுதா.”

கீழே கிடந்த மரத்துண்டு ஒன்றை எடுத்து அவரிடம் நீட்டினாள்.